இரவு இரண்டு மணிக்கு எது ஓடுகிறது? கட்டட மின்செலவு: வாசகர் கேள்வி பதில்

அடுக்ககம், அலுவலகம், மருத்துவமனை, கல்யாண மண்டபம் எனப் பல வகைக் கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மின்சிக்கனத் தணிக்கையில் நெடுநாள் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். தரைத்தளம் கார் நிறுத்தம், அதற்கு மேல் நான்கு மாடிகள், ஒரு லிஃப்ட். பொது மீட்டரில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 2,400 யூனிட் ஓடி, கட்டணம் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. மொட்டை மாடியில் 10 கிலோவாட் சூரிய மின்தகடு போட்டால் இந்தச் செலவே இருக்காது என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். வீட்டுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதில் சங்கத்தில் பெரும் சச்சரவு. தங்கள் ஆலோசனை என்ன?
பின்குறிப்பு: சம்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் 2 எச்.பி. மோட்டார் தினமும் ஐந்து மணி நேரம் ஓடுவதாகக் காவலாளி சொல்கிறார். 40 பழைய ட்யூப் லைட்டுகள் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிகின்றன.
- நலச் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம், சென்னை

பதில்: சூரிய மின்தகட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் 10 கிலோவாட் என்ற கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். சென்னை வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் 2,400ஐ 240ஆல் வகுத்தால் 10. அவ்வளவுதான் அவர்கள் போட்ட கணக்கு. வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, அதற்கும் தகடு விற்கப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி காவலாளி சொன்னதுதான். அதை நீங்கள் பின்குறிப்புக்குத் தள்ளிவிட்டீர்கள்.

வீட்டுக்கு நான்கு பேர், நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது எடுத்துக்கொள்ளும் அளவான ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், உங்கள் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13,000 லிட்டர் வேண்டும். சம்பின் அடியிலிருந்து மாடித் தொட்டியின் வாய் வரை 18 மீட்டர் இருக்கலாம். சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் 1,000 லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். அந்தக் கணக்கில் உங்கள் ஒரு நாள் தண்ணீருக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே ஆக வேண்டும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் போவது போக, இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் உருப்படியாகப் பயன்படுகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 1.6 யூனிட். 2 எச்.பி. மோட்டார் மணிக்கு 2 யூனிட் அளவில் இழுக்கும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். அது ஐந்து மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 600 யூனிட் செலவாகும் இடத்தில் 100 யூனிட் போதும். மீதி 500 யூனிட் வீணாகிறது என்றால், ஒன்று தண்ணீர் ஏறவில்லை, அல்லது ஏறிய தண்ணீர் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டில் எது என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். மாடித் தொட்டியிலிருந்து கீழே போகும் வால்வுகளை மூடிவிட்டு, பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, தொட்டியில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று ஓர் அளவுகோலால் பாருங்கள். அதைத் தொட்டியின் நீள அகலத்தால், அவற்றையும் சென்டிமீட்டரிலேயே வைத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். பத்து நிமிடத்தில் 2,500 லிட்டரை ஒட்டி ஏறினால் பம்ப் நலமாக இருக்கிறது. 700, 800 என்று நின்றால் குற்றம் பம்பிலோ குழாயிலோ இருக்கிறது. பம்ப் நலம் என்றால் அடுத்த சோதனை: வால்வுகளைத் திறந்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, விடிகாலை நாலரைக்கு மறுபடி பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் மட்டம் கணிசமாக இறங்கியிருந்தால், ஏதோ சில வீடுகளில் ஃப்ளஷ் தொட்டி இரவு முழுக்க ஒழுகுகிறது என்று பொருள். அந்த ஒழுக்கு சத்தம் போடாது, தரையை நனைக்காது, ஆகவே யாரும் புகார் சொல்லவும் மாட்டார்கள்.

பம்ப் பக்கம் குற்றம் இருந்தால் ஃபுட் வால்வு கசிவு, தேய்ந்த இம்பெல்லர் (பம்பின் உட்சக்கரம்), பாதி மூடிய வால்வு ஆகியவற்றைப் பிளம்பர் பார்ப்பார். அவர் பார்க்கத் தவறக்கூடிய ஒன்றை நான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்ககத்தில் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று ஓடும்போது மற்றது மாற்றாக நிற்கும். தண்ணீர் ஏற எப்போதும் நேரமாகிறது என்று சொன்னார்கள். முதல் பம்பை ஓடவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மின்சாரமே கொடுக்காத இரண்டாவது பம்பின் பின்பக்க விசிறி மெதுவாக, தலைகீழ்த் திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் அதன் நான்-ரிட்டர்ன் வால்வில் ஒரு கல் சிக்கி வால்வு திறந்தே நின்றதால், முதல் பம்ப் தள்ளிய தண்ணீரில் பெரும்பங்கு இரண்டாவது பம்ப் வழியாகச் சம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரே தண்ணீரை எத்தனை வருடமாகச் சுற்றவிட்டார்களோ தெரியாது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆனது.

அடுத்தது விளக்கு. 36 வாட் பழைய ட்யூப் லைட், சோக்கையும் சேர்த்து 48 வாட் அளவில் இழுக்கும். 40 விளக்கு, 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,380 யூனிட். உங்கள் கட்டணத்தில் பாதிக்கு மேல் இதுதான். 18 வாட் எல்.இ.டி. மாற்றி, பதினொரு மணிக்கு மேல் ஒன்று விட்டு ஒன்று அணைய டைமர் வைத்தால் 370 யூனிட் அளவில் நிற்கும். லிஃப்டுக்கு ஆகும் 300 யூனிட் அளவை அப்படியே விட்டுவிடலாம். எல்லாம் சேர்த்து 800 யூனிட்டுக்குள் வந்தபின், 3 அல்லது 4 கிலோவாட் தகடு போதும் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். சச்சரவு பெருமளவு தணியும்.

இதைப் படிக்கும் சிறு அடுக்ககத்தாருக்கு ஒரு தகவல். பொது வசதிகளுக்கான மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்றாலும், பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமிழக அரசு 8.15 ரூபாயை 5.50 ஆகக் குறைத்தது. உங்கள் இணைப்பு அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு மேற்பார்வையாளர். இரண்டு சில்லர்கள் (தண்ணீரைக் குளிரவைத்து எல்லா மாடிக்கும் அனுப்பும் பெரிய இயந்திரங்கள்) கொண்ட மத்தியக் குளிர்சாதனம். விளக்குகள் எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டோம், எல்லா மாடியிலும் 24 டிகிரி வைத்துவிட்டோம். கட்டணம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. சில்லர் பழசாகிவிட்டது, புதிது வாங்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.
- பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை

பதில்: சில்லர் விலைப்பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு வாரம் இரவு பதினொரு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் மெயின் மீட்டரைப் படித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறால் வகுத்தால் இரவுச் சுமை எத்தனை கிலோவாட் என்று தெரியும்.

ஏன் இரவு என்கிறேன் என்றால், ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அலுவலகம் நடப்பது நாளுக்குப் பத்து மணி வீதம் 250 நாள், அதாவது 2,500 மணி நேரம். பகலில் 300 கிலோவாட் இழுக்கும் ஒரு கட்டடம் இரவிலும் விடுமுறையிலும் 90 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் பகல் கணக்கு 7,50,000 யூனிட், ஆளில்லாத நேரத்துக் கணக்கு 5,63,000 யூனிட். மொத்தச் செலவில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல், நாற்காலிகளுக்கும் மேசைகளுக்கும் குளிரூட்டியதற்கும் விளக்கேற்றியதற்கும் போகிறது. சர்வர் அறை, காவல் விளக்கு, யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு இரவில் மின்சாரம் வேண்டும்தான். அவற்றைக் கூட்டிப் பார்த்தால் 90இல் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். மீதி எது என்று தெரிய வேண்டுமானால், இரவு இரண்டு மணிக்குக் கட்டடத்தை ஒரு சுற்று நடந்து வர வேண்டும். நான் எந்தத் தணிக்கையையும் அந்த நடையில்தான் தொடங்குவேன். பகலில் கேட்காத சத்தமெல்லாம் அந்த நேரத்தில் கேட்கும்.

அப்படி ஒரு கட்டடத்தில் நான்காவது மாடியில் ஏ.எச்.யூ., அதாவது குளிர்காற்றை ஊதி அனுப்பும் பெட்டி, உள்ள அறையின் கதவைத் திறந்தபோது உள்ளே ஊதுவிசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேனலில் ஆட்டோவில் (தானாக இயங்கும் நிலையில்) இருக்க வேண்டிய சுவிட்ச் ஹேண்ட் (கையால் இயக்கும்) நிலையில் திருப்பப்பட்டு, அதன்மேல் ஒரு ஒட்டுநாடா. ‘ஆஃப் செய்யக் கூடாது’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, எழுத்து பாதி மங்கியிருந்தது. விசாரித்ததில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விருந்தினர் வந்த ஒரு கூட்டத்துக்காக ஒட்டியது என்று தெரிந்தது. விருந்தினர் போய்விட்டார்கள், ஒட்டுநாடா நின்றுவிட்டது. காவலாளியைக் கேட்டால், “நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான் சார் ஓடுது” என்றார். கட்டுப்பாட்டு அறைக் கணினித் திரையிலோ அந்த ஏ.எச்.யூ. மாலை ஏழுக்கே நின்றுவிட்டதாகப் பச்சையும் சிவப்புமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே திரையை நம்பாதீர்கள். ஒவ்வொரு பேனலிலும் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

காலை நேரத்தையும் பாருங்கள். ஒன்பது மணி அலுவலகத்துக்கு ஆறு மணிக்கே குளிர்சாதனத்தை இயக்குகிறார்கள் என்றால், என்றோ ஒரு திங்கட்கிழமை ஓர் அதிகாரி புழுங்குகிறது என்று சொல்லியிருப்பார். அன்றிலிருந்து எல்லா நாளும் ஆறு மணி ஆகியிருக்கும். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் வீதம் தள்ளிப் போட்டுக்கொண்டே வாருங்கள். புகார் வரும் வாரத்தில் ஒரு படி பின்வாங்கினால் சரியான நேரம் அகப்பட்டுவிடும்.

பிறகு வி.எஃப்.டி.யைப் பாருங்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இந்தக் கருவி பெரும்பாலான புதிய கட்டடங்களில் இருக்கிறது. ஆனால் அதன் திரையில் 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம், என்று நிலையாக நின்றால், காசு கொடுத்து வாங்கியும் பயனில்லை. விசிறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் மின்திறன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுகிறது. 50ஐ 40 ஆக்கினால், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. கட்டடப் பராமரிப்பில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் லாபம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சென்சார் பழுதானாலோ, அதைப் பார்த்துச் சரிசெய்ய ஆள் இல்லாவிட்டாலோ, யாராவது ‘பாதுகாப்பாக’ இருக்கட்டும் என்று முழு வேகத்தில் பூட்டிவிடுகிறார்கள்.

24 டிகிரி பற்றி ஒரு வார்த்தை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லிவரும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் அதை ஒட்டியதே. ஆனால் உங்கள் தெர்மோஸ்டாட் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ வெயில் படும் சுவரிலோ இருந்தால், அங்கே 24 ஆவதற்குள் மற்றவர்கள் சால்வை போர்த்திக்கொள்வார்கள். சால்வையும் ஸ்வெட்டரும் அதிகம் தென்படும் மாடியிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் சில்லர். அதிலும் முதலில் வாங்குவதைப் பேசாமல் தேய்ப்பதைப் பேசுவோம். நம் ஊர் உப்புத் தண்ணீரை கூலிங் டவரில் ஆவியாக விடும்போது உப்பெல்லாம் சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய்களின் உட்புறத்தில் பாறையாகப் படிகிறது; குழாய் வெப்பத்தைக் கடத்தாததால் கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் உழைக்கிறது. குளிர்ந்து வெளிவரும் தண்ணீர் 7 டிகிரி, திரும்பி வருவது 12 டிகிரி என்று வடிவமைத்த இடத்தில் திரும்பி வருவது 9 அல்லது 10தான் என்றால், தேவைக்கு மேல் தண்ணீரைச் சுற்றவிடுகிறீர்கள் என்று அர்த்தம்; ஒரு சில்லர் போதுமான வேலைக்கு இரண்டும் ஓடும். இவ்வளவும் சரியான பின்பும் குளிரூட்டும் திறனில் ஒரு டன்னுக்கு 0.9 அல்லது 1 கிலோவாட் வாங்குகிறது என்றால், அப்போது புதியதை வாங்கச் சொல்வேன். நீரால் குளிரும் இன்றைய நல்ல சில்லர் 0.6ஐ ஒட்டி வேலை செய்யும். அதோடு, சுமை குறைந்துவிட்டதால் நீங்கள் வாங்க வேண்டிய சில்லரும் சிறியதாகிவிடும்.

கேள்வி: மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் குறையுமா, குறையாதா? எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்குள் இதில் இரண்டு கட்சி.
- தலைமை ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டு கட்சியும் பாதி சரி. பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி ரெகுலேட்டரிலேயே சூடாகப் போய்விடும். தொட்டால் சுடுவது அதனால்தான். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் உண்மையாகவே குறையும். வகுப்பறையில் நாளெல்லாம் சுற்றும் விசிறியை மாற்றும் காலம் வரும்போது பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) வகையை வாங்குங்கள்: பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவில் இழுக்கும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நான்கு அறுவை அரங்குகள். இரவில் பெரும்பாலும் ஒன்றுதான் பயன்படும். மற்ற மூன்றின் ஏ.எச்.யூ.வையும் இரவில் நிறுத்தலாம் என்றால், நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவினர் மறுக்கிறார்கள். வேறு வழி உண்டா?
- பராமரிப்புப் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: மறுப்பவர்கள் பக்கம்தான் நான். அரங்கின் உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் தாழ்வாரத்துத் தூசியும் கிருமியும் உள்ளே நுழையாது. விசிறியை நிறுத்திய கணத்தில் அந்த அரண் போய்விடும். ஆனால் நிறுத்துவதற்கும் முழு வேகத்தில் ஓட்டுவதற்கும் நடுவில் இடமிருக்கிறது. அழுத்தம் குறையாத அளவுக்கு வேகத்தைத் தணித்து, குளிரை மட்டும் சில டிகிரி தளர்த்தி வைக்கலாம். வேகத்தை அறுபது விழுக்காடாக்கினால் விசிறியின் மின்சாரம், ஏட்டுக்கணக்கில், நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். நடைமுறையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அரங்கின் வாசலில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, தணித்த வேகத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று குழுவினருக்கே நேரில் காட்டுங்கள். அவசர அறுவை வந்தால் ஒரே பொத்தானில் முழு வேகத்துக்குத் திரும்ப வேண்டும். எத்தனை நிமிடத்தில் அரங்கு தயாராகிறது என்பதையும் சோதித்து எழுதி வையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அரங்கின் ஈரப்பதத்தைக் குறைக்கக் காற்றை முதலில் நன்றாகக் குளிரவைத்து, பிறகு மின்சார ஹீட்டரால் சற்றுச் சூடேற்றி அனுப்புவார்கள். ஹீட்டரை இயக்கும் சுவிட்சான கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு எந்நேரமும் ஓடினாலும் அரங்கில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் குளிர்நீர் வால்வு தானாக இன்னும் திறந்து அதை ஈடுகட்டிவிடும். ஒரே குழாயில் ஒரு முனையில் சூடேற்றி மறுமுனையில் குளிரவைக்கும் இந்தக் கூத்து மாதக்கணக்கில் நடக்கக்கூடும். கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஹீட்டர் கம்பியில் மாட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆடி, மார்கழியில் மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் மின்கட்டணம் பெரிதாக வருகிறது. முகூர்த்த நாளில் எவ்வளவு ஏ.சி. போட்டாலும் கூடம் குளிர்வதில்லை. இரண்டுக்கும் காரணம் என்ன?
- கல்யாண மண்டப நிர்வாகி, மதுரை

பதில்: முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் உங்கள் மின்கட்டணச் சீட்டிலேயே இருக்கும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்போர், அனுமதிக்கப்பட்ட மின்தேவையில் 90 விழுக்காட்டுக்கோ, பதிவான உச்சத் தேவைக்கோ, எது அதிகமோ அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 200 கே.வி.ஏ. வாங்கி வைத்துக்கொண்டு, ஆவணி முகூர்த்தத்திலும் 110ஐத் தாண்டவில்லை என்றால், ஒரு விளக்கு எரியாத மாதத்திலும் 180க்குப் பணம் கட்டுகிறீர்கள். ஓராண்டுச் சீட்டுகளை அடுக்கி உச்சத் தேவையைப் பாருங்கள். தேவையில்லாததை ஒப்படைத்து அளவைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு மணமக்கள் அறைகளின் கீசர்கள், ஆளில்லாத சமையற்கட்டில் ஓடும் ஃப்ரீசர், குடிநீர்க் குளிர்விப்பான் ஆகியவற்றைப் பாருங்கள். யாரும் குளிக்காத கீசரும் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க நாளுக்கு அரை யூனிட் அளவில் தின்னும்.

இரண்டாவது கேள்விக்கு ஓர் ஊதுபத்தி போதும். பந்தி நடக்கும் நேரத்தில் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள கதவருகே ஊதுபத்தியைப் பிடித்து நில்லுங்கள். புகை வேகமாகச் சாப்பாட்டு அறைப் பக்கம் வளைந்தால், சமையற்கட்டின் பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகள் உங்கள் குளிர்காற்றைத்தான் உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக ஏதாவது ஒரு வழியில் காற்று உள்ளே வந்தாக வேண்டும். சமையற்கட்டில் வெளிக்காற்று வர வழி விடாவிட்டால் அது கூடத்திலிருந்து இழுக்கும், கூடம் வாசலிலிருந்து மதுரை வெயிலை இழுக்கும். அடுப்புக்குப் பின்னால் உள்ள ஜன்னல்களைத் திறக்கவோ, வெளிக்காற்றைக் கொண்டுவரும் விசிறி ஒன்றை அங்கே பொருத்தவோ செய்தால், ஏ.சி. டன்னைக் கூட்ட வேண்டிய தேவை வராது. சமையல்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற வளாகத்தில் அலுவலகம் வாடகைக்கு எடுத்தோம். மின்கட்டணம் பழைய இடத்தைவிட அதிகம். சான்றிதழ் பொய்யா?
- தஞ்சாவூரைச் சேர்ந்த வாசகர், பெங்களூரு

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். பல சான்றிதழ்கள் கட்டடம் எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதற்குத் தரப்படுகின்றன. எப்படி நடத்தப்படுகிறது என்பதற்கு அல்ல. நல்ல ஜாதகம் வேறு, நடந்த வாழ்க்கை வேறு. ஆஸ்திரேலியாவில் 1990களின் இறுதியில் தொடங்கி இன்று நேபர்ஸ் என்று வழங்கும் முறை, பன்னிரண்டு மாத உண்மையான மீட்டர் கணக்கை வைத்தே நட்சத்திரம் தருகிறது. பெரிய அலுவலக இடத்தை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அந்த மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2010இல் சட்டமும் வந்தது. நம் நாட்டிலும் எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல், ஓராண்டில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று பார்த்து அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் வழங்கிவருகிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வாடகைதாரரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

வளாகத்தாரிடம் சென்ற ஆண்டின் மொத்த யூனிட்டையும், பயன்பாட்டில் உள்ள பரப்பையும் கேளுங்கள். சதுர அடியில் சொன்னால் 10.76ஆல் வகுத்துச் சதுர மீட்டராக்கிக்கொள்ளுங்கள். பொதுக் குளிர்சாதனச் செலவை மீட்டர் வைத்துப் பிரிக்கிறார்களா, பரப்பளவில் பங்கு போடுகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். பங்கு போடும் இடத்தில் நீங்கள் அணைத்த விளக்கின் லாபம் பக்கத்து அலுவலகத்துக்கும் பிரிந்து போய்விடும். ஒருவரும் அணைக்க மாட்டார்கள்.

கேள்வி: பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று ஒரு பெட்டியை எங்கள் விடுதியில் விற்க வந்தார்கள். வாங்கலாமா?
- தங்கும் விடுதி உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டரும் எரிந்துகொண்டிருக்க ஒரு பச்சை விளக்கும்தான். கெப்பாசிட்டர் கம்பியில் ஓடும் ஆம்பியரைக் குறைத்துக் காட்டும்; அதைத்தான் உங்கள் கண்ணெதிரே மீட்டர் வைத்துக் காட்டுவார்கள். கட்டணமோ யூனிட்டுக்கு; அது குறையாது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.90க்குக் கீழே இறங்கினால் அபராதம் கட்டும் உயர் அழுத்த இணைப்புகளுக்கு முறையான கெப்பாசிட்டர் பேனல் வேண்டும். அது வேறு கதை.

கேள்வி: எங்கள் வங்கிக் கிளைக் கட்டடத்தில் பதினான்கு ஸ்பிளிட் ஏ.சி. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து, கழுவிவிட்டு, கையெழுத்து வாங்கிப் போகிறார். இது போதுமா?
- வேலூர்

பதில்: உள்ளே இருக்கும் ஃபில்டருக்கு அவரை எதிர்பார்க்கவே வேண்டாம், சாலையோரக் கட்டடத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை உங்கள் உதவியாளரே கழற்றித் தண்ணீரில் அலசி மாட்டிவிடலாம். அவர் பார்க்க வேண்டியது வெளிப்பெட்டியை. அது எங்கே இருக்கிறது என்று நீங்களும் ஒரு முறை மத்தியான வேளையில் போய்ப் பாருங்கள். கட்டட முகப்பு அழகாக இருக்க வேண்டும் என்று எல்லா வெளிப்பெட்டிகளையும் பின்பக்கத்துக் குறுகிய சந்தில் எதிரெதிராக மாட்டியிருந்தால், ஒன்று ஊதும் அனலை மற்றொன்று உறிஞ்சும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது அந்தச் சந்தில் 45ஐத் தாண்டி நான் அளந்திருக்கிறேன். அங்கே எத்தனை முறை கழுவினாலும் கம்ப்ரசருக்கு விடிவில்லை. பெட்டிகளின் திசையை மாற்றுவதோ, சிலவற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதோதான் தீர்வு. வெளிப்பெட்டியிலிருந்து உள்ளே வரும் செம்புக் குழாயில் சுற்றியிருக்கும் கறுப்பு உறை வெயிலில் பொடிந்து போயிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

மற்றபடி, கழுவியதற்குச் சான்று கையெழுத்து ஆகாது, எண் வேண்டும். ஏ.சி. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும்; பதினான்கு பெட்டிக்கும் இதை எழுதி வைத்தால் எது இளைத்துப் போயிருக்கிறது என்று பட்டியலே சொல்லிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத பெட்டிகளுக்கு ஆம்பியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வகையில் அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் ஒப்பிட முடியாது. அடுத்த முறை அவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டும்போது, கழுவுவதற்கு முன் எவ்வளவு, கழுவிய பின் எவ்வளவு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெப்பமானியும் கிளாம்ப் மீட்டரும் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று அவர் சொன்னால், கையெழுத்தையும் அவர் மறுபடி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.